அருஞ்சொற்பொருள் கிழிந்த நாடகம்

என் வாழ்க்கையில் ஒரே ஒரு பெண்மணியைத்தான் நான் மேடையேறி, மைக் பிடித்து, அறுநூறு பேருக்கு முன்னால் கேவலமாகத் திட்டியிருக்கிறேன். திட்டியது இங்கிலீஷில். அது திட்டு என்று எனக்குத் தெரியாது. கூட்டத்துக்கும் தெரியாது. கைதட்டினார்கள். அந்தக் கைதட்டலை வாங்கிக்கொண்டு நான் குனிந்து வணக்கம் வேறு சொன்னேன்.

அப்போது எனக்கு இருபத்து மூன்று வயது. பூதலூர் பக்கத்தில் எங்கள் ஊர். பி.எஸ்ஸி. கணிதம் முடித்துவிட்டு, அப்பாவின் வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டும் அரசுத் தேர்வுகளுக்கு விண்ணப்பம் போட்டுக்கொண்டும் இருந்தேன். (விண்ணப்பம் போடுவதில் எனக்கு நல்ல தேர்ச்சி உண்டு. தேர்வில்தான் கிடையாது.) அக்கா கவிதாவுக்கு வலங்கைமானில் சம்பந்தம் முடிவாகியிருந்தது. மாப்பிள்ளை முரளி அத்தான் கனடாவில் ஒரு கட்டுமான கம்பெனியில் இன்ஜினியர். தை மாதம் தஞ்சாவூரில் மண்டபம் பிடித்தாயிற்று. அந்தச் சமயத்தில்தான் அந்தச் செய்தி வந்தது. அத்தானின் மேலதிகாரி ஹெலன் மேடம், தன் கணவர் ராபர்ட்டோடு கல்யாணத்துக்கு வருகிறார்.

இது சாதாரண விஷயம் இல்லை. அத்தானின் வேலை நீடிப்பதும், அக்கா கனடா போவதும் அந்த அம்மா எழுதித் தரப்போகும் ஒரு கடிதத்தைப் பொறுத்திருந்தது. வீட்டில் உடனே கூட்டம் போட்டார்கள். சித்தப்பாதான் ஆரம்பித்தார்.

"வெள்ளக்காரங்க வந்து உக்காந்திருக்கப்ப வரவேற்புல இங்கிலீஷ்ல நாலு வார்த்த பேச வேணாமா? மாப்ள வீட்ல அந்த பெங்களூர் பொண்ணு இருக்கு, வெளுத்து வாங்கும். நம்ம பக்கம் யாரு?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். வேறு யாரும் இல்லாததால்தான் பார்த்தார்கள் என்பது இன்றைக்குப் புரிகிறது. அன்றைக்கு எனக்கு மார்பு இரண்டு அங்குலம் விரிந்தது.

"நான் பாத்துக்கறேன் சித்தப்பா."

"டேய், வெல்கம் சொல்லு, தேங்க்யூ சொல்லு, எறங்கிடு. அது போதும்டா" என்றாள் அக்கா.

அந்தப் 'போதும்டா'தான் எல்லாவற்றுக்கும் காரணம். எனக்குச் சுருக்கென்று தைத்தது. வெல்கம், தேங்க்யூவை மண்டப வாசலில் கிடக்கும் மிதியடிகூடச் சொல்லும். நான் உயர்ந்த இங்கிலீஷ் பேசுவது என்று முடிவு செய்தேன்.

உயர்ந்த இங்கிலீஷ் எங்கே கிடைக்கும் என்று செல்போனில் தேடியபோது, கோட் போட்ட ஒருவர் வீடியோவில் வந்து ரகசியம் சொன்னார். வார்த்தைப் பட்டியலை மனப்பாடம் செய்யாதீர்கள், பழைய செவ்வியல் நாடகம் ஒன்றை எடுத்து முழுதாகப் படியுங்கள் என்றார். அதோடு நிறுத்தியிருக்கலாம். "டிக்‌ஷனரியைத் தொடவே கூடாது. இடத்தைப் பார்த்து அர்த்தத்தை ஊகியுங்கள். அப்போதுதான் வார்த்தை ரத்தத்தில் இறங்கும்" என்றும் சொன்னார். சத்தியமாகச் சொல்கிறேன், இறங்கியது. இன்றுவரை வெளியே வரவில்லை.

தஞ்சாவூரில் ஒரு பழைய புத்தகக் கடையில் அந்த நாடகம் கிடைத்தது. அட்டை இல்லை. கடைசியில் நாற்பது பக்கம் கிழிந்திருந்தது.

"என்னண்ணே, கடைசி பக்கமெல்லாம் காணும்?"

"கதை முடிஞ்சதுக்கு அப்பறம் இருக்கற பக்கந்தான் தம்பி போயிருக்கு. வார்த்தைக்கு அர்த்தம் போட்ட பக்கம். கதை முழுசா இருக்கு, எடுத்துக்க."

அர்த்தம் போட்ட பக்கம்தானே, நமக்கு எதற்கு என்று வாங்கி வந்துவிட்டேன்.

மோட்டார் கொட்டகையில் கயிற்றுக் கட்டிலைப் போட்டு, மதிய நேரங்களில் படிக்க ஆரம்பித்தேன். முதல் பக்கத்தில் எனக்கு அர்த்தம் தெரிந்தவை 'கிங்', 'குயீன்', 'அண்ட்' ஆகிய மூன்று மட்டும்தான். மூன்றாவது நாள் கதை பிடிபட்டது. ஒரு ராஜா. அவருக்கு ஒரு ராணி. ராணியிடம் அடிக்கடி வந்து பேசிவிட்டுப் போகும் ஒரு தளபதி. இவர்களுக்கு நடுவில் ராஜாவின் காதைக் கடித்துக்கொண்டே இருக்கும் ஒரு மந்திரி. நூறு பக்க நோட்டில் கோடு போட்டு, இடப்பக்கம் வார்த்தை, வலப்பக்கம் என் ஊகம் என்று எழுதிக்கொண்டே போனேன்.

ஒரு காட்சியில் ராஜா நிறைந்த சபையில் எழுந்து நின்று, ராணியை நோக்கிக் கை நீட்டி, 'ஸ்ட்ரம்பெட்' என்கிறார். ஒரு தடவை அல்ல, மூன்று தடவை. ராணி மண்டியிட்டு, முகத்தைப் பொத்திக்கொண்டு அழுகிறாள். சபை வாயடைத்து நிற்கிறது. எனக்கு ஒரு நிமிடம்கூடக் குழப்பம் வரவில்லை. ராஜா பட்டம் கொடுக்கிறார்! நம் ஊரில் பொன்னாடை போர்த்தினால் கண் கலங்குவதில்லையா? தவிர, ட்ரம்பெட் என்றால் ஊதும் வாத்தியம் என்று எனக்குத் தெரியும். ஆக, ஊரெல்லாம் யாருடைய புகழை ஊதுகிறதோ அவர்தான் ஸ்ட்ரம்பெட். 'புகழ்பெற்ற பெண்மணி' என்று எழுதி அடியில் கோடும் போட்டேன்.

அடுத்தது 'பாரமோர்'. ராணியின் பாரமோர், ராணியின் பாரமோர் என்று மந்திரி சொல்லிக்கொண்டே இருந்தான். பாரம் என்ற தமிழ்ச் சொல்லே அதற்குள் உட்கார்ந்திருக்கிறதே! இல்லற பாரத்தைச் சுமக்கிறவர், அதாவது வீட்டுக்காரர். (இங்கிலீஷுக்கே தமிழ்தான் மூலம் என்று அன்று முழுவதும் எனக்குப் புல்லரித்துக்கொண்டிருந்தது.) மூன்றாவது 'லெச்சரஸ்'. இது மிகச் சுலபம். லெக்சர் கொடுப்பவர். நாவன்மை மிக்கவர்.

தை பிறப்பதற்குள் நோட்டில் அறுபத்திரண்டு வார்த்தைகள் சேர்ந்திருந்தன. நாடகத்தின் முடிவில் ஏன் அத்தனை பேரும் விஷம் குடித்துச் செத்தார்கள் என்பது மட்டும் எனக்கு விளங்கவில்லை. இத்தனை பாராட்டுக்கு நடுவே சாவானேன்?

முகூர்த்தத்துக்கு முந்தின நாள் மாலை வரவேற்பு. ஹெலன் மேடம் மயில் கழுத்துப் பச்சையில் பட்டுப்புடவை கட்டி, தலையில் மல்லிகைப் பூவோடு முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் வேட்டியைப் பிடித்துக்கொண்டே ராபர்ட். அவர்களுக்கு அடுத்து அத்தானின் அப்பா ராமலிங்கம் மாமா. ரயில்வேயில் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். வலங்கைமானில் எந்த விழா என்றாலும் பேசக் கூப்பிடுவார்கள். நல்ல இங்கிலீஷ் தெரிந்தவர். அவருக்குப் பக்கத்தில் அத்தை. அத்தைக்குத் தமிழ் மட்டும்தான்.

மைக்கைப் பிடித்தேன். வெல்கம் சொன்னேன். முதலில் சம்பந்தி வீட்டாரைச் சிறப்பிப்பதுதானே மரியாதை? மாமாவை நோக்கிக் கை நீட்டினேன். இவர் வலங்கைமானில் மட்டுமல்ல, இந்த டெல்டா முழுவதிலும் பெயர் பெற்ற லெச்சரஸ் மனிதர், இந்த வயதிலும் அழைத்த இடத்துக்கெல்லாம் போகிறார் என்று இங்கிலீஷில் முழங்கினேன்.

சித்தப்பா கைதட்டினார். அதைப் பார்த்து மண்டபமே தட்டியது. மாமாவின் முகத்தில் பரவிக்கொண்டிருந்த சிரிப்பு மட்டும் சிக்னல் விழாத ரயில் மாதிரி பாதி வழியில் நின்றுவிட்டது. பெங்களூர்ப் பெண் குடித்துக்கொண்டிருந்த ரோஸ்மில்க் மூக்கு வழியாக வந்தது. புரை ஏறிவிட்டது போலிருக்கிறது என்று நினைத்தேன்.

அடுத்து, குரலை உயர்த்தி, ஹெலன் மேடத்தை நோக்கித் திரும்பினேன். கனடா தேசமே அறிந்த மாபெரும் ஸ்ட்ரம்பெட் இன்று நம் தஞ்சாவூர் மண்ணை மிதித்திருக்கிறார் என்றேன். ராஜா மூன்று முறை சொன்னது நினைவுக்கு வர, நானும் மூன்று முறை சொன்னேன். கைதட்டல் கூரையைப் பிய்த்தது. ஹெலன் மேடம் அசையவில்லை. நாடகத்தில் வந்த சபை மாதிரியே வாயடைத்துப் போனார். சரி, மனசு நெகிழ்ந்துவிட்டது என்று நினைத்தேன்.

"அவருடன் வந்திருக்கும் அவருடைய பாரமோர் ராபர்ட் அவர்களையும் வருக வருக என..."

அந்த வாக்கியத்தை முடிப்பதற்குள் மைக் செத்துப்போனது. திரும்பிப் பார்த்தால், மாப்பிள்ளைக் கோலத்தில், கழுத்தில் மாலையோடு, முரளி அத்தான் ஒயரைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கிறார். முதல் வரிசையில் இரண்டு நாற்காலிகள் காலியாகிக்கொண்டிருந்தன. ராபர்ட் தன் ஒரு கையால் வேட்டியையும் மறு கையால் ஹெலன் மேடத்தின் தோளையும் பிடித்தபடி வாசலை நோக்கி நடந்துகொண்டிருந்தார். பந்தியில் கைகூட நனைக்கவில்லை.

மாப்பிள்ளை அறையில் கதவைச் சாத்திவிட்டு அத்தான் கேட்டார். கோபமாகக்கூட இல்லை. அதுதான் பயமாக இருந்தது.

"சேகர், ஸ்ட்ரம்பெட்னா என்னன்னு நெனச்சு சொன்ன?"

"புகழ்பெற்ற பெண்மணி அத்தான்."

அவர் கண்ணை மூடிக்கொண்டார். பிறகு மூன்று வார்த்தைகளுக்கும் அர்த்தம் சொன்னார். நடத்தை கெட்டவள். பெண்பித்தர். கள்ளப் புருஷன்.

என் காதுக்குள் மோட்டார் ஓடத் தொடங்கியது. உட்காரலாம் என்று பின்னால் நகர்ந்தேன். நாற்காலி இருந்த இடத்தில் சீர்வரிசைத் தட்டுகள் இருந்தன. வாழைப்பழத்தின் மேல் உட்கார்ந்தேன்.

"இதக்கூட வெளக்கம் சொல்லி சமாளிச்சிரலாம்" என்றார் அத்தான். "ஆனா அந்தக் கடைசி வார்த்த. அவங்க ரெண்டு பேருக்கும் கல்யாணம் ஆவல சேகர். பன்னெண்டு வருஷமா சேந்து வாழறாங்க, அவ்ளோதான். இங்க உங்க அத்தமாருங்க எல்லாம் தோண்டித் தோண்டிக் கேப்பாங்கன்னு நான்தான் ஹஸ்பெண்டுன்னு சொல்லி வச்சிருந்தேன். கவிதாவுக்கு மட்டுந்தான் தெரியும். போவும்போது என்னப் பாத்து ஒண்ணுதான் கேட்டாங்க. 'என் சொந்த விஷயத்த ஊர் பூரா சொல்லிட்டியா?'ன்னு."

நான் ஊகித்து எழுதிய அறுபத்திரண்டில் சரியான ஆளின் மேல் சரியாகப் போய் விழுந்தது அந்த ஒரு வார்த்தைதான்.

வெளியே வந்தபோது ராமலிங்கம் மாமா தூணருகே காத்திருந்தார். அடிக்கப் போகிறார் என்று கன்னத்தைத் தயாராக வைத்துக்கொண்டேன். அவர் அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, என் தோளில் கை போட்டுத் தள்ளிக்கொண்டு போனார்.

"தம்பி, உங்க அத்த அப்ப புடிச்சு கேட்டுக்கிட்டே இருக்கா, அந்தப் புள்ள ஒங்கள என்னமோ பெருமையா சொல்லிச்சே, என்னன்னு. 'நல்லா பேசறவர்'னு அர்த்தம்னு சொல்லிட்டேன். ஒன்ன கேட்டாலும் நீ அதத்தான் சொல்லணும். நான் சாவற வரைக்கும் சொல்லணும். புரியுதா?"

"சரிங்க மாமா."

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு முகூர்த்தம். ஐந்தரை மணிக்கே நோட்டையும் கிழிந்த நாடகத்தையும் எடுத்துக்கொண்டு ஹெலன் மேடம் தங்கியிருந்த ஓட்டலுக்குக் கிளம்பினேன். மண்டப வாசலில் அப்பா நின்றிருந்தார். பெண்ணைத் தாரை வார்க்க வேண்டியவர், புது வேட்டி சட்டையில்.

"நானும் வர்றேன். தப்பு பண்ணது எம்புள்ள. நான்தான் கேக்கணும்."

"உங்களுக்கு இங்கிலீஷ் தெரியாதேப்பா."

"உனக்குத் தெரிஞ்சு என்னா கிழிச்ச? வண்டிய எடு."

புது ஆற்றுப் பாலத்தின் மேல் போகும்போது பின்னாலிருந்து கேட்டார், "அப்படி என்னதான்டா சொன்ன?" சொன்னேன். தமிழில் சொன்னபோதுதான் அதன் கனம் எனக்கே தெரிந்தது. "வண்டிய நிறுத்து" என்றார். நிறுத்தினேன். இறங்கி, கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு, ஓடும் தண்ணீரையே கொஞ்ச நேரம் பார்த்தார். என்னைத் தள்ளிவிடுவாரோ என்றுகூட நினைத்தேன்.

"நம்ம வீட்டு விசேஷத்துக்குன்னு கடல் தாண்டி வந்த பொம்பள" என்றார் கடைசியில். "வா, போவோம். உங்கம்மாகிட்ட இத சொல்லாத."

ஓட்டல் சாப்பாட்டுக் கூடத்தில் இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். பெட்டிகள் பக்கத்தில் தயாராக இருந்தன. அப்பா நேரே போய் நின்று கை கூப்பினார்.  கூப்பிய கையை இறக்கவே இல்லை. ஹெலன் மேடம் பதறி எழுந்தார்.

இப்போது நான் பேச வேண்டும். இரண்டு மாதம் சேர்த்து வைத்த உயர்ந்த இங்கிலீஷ் எல்லாம் ஒரே நொடியில் போய்விட்டது. பழைய இங்கிலீஷும் கூடவே போய்விட்டது. "சாரி மேடம். புக். பேஜ். நோ பேஜ்" என்று புத்தகத்தின் கிழிந்த முதுகைக் காட்டினேன். நோட்டைத் திறந்து அவர் முன்னால் வைத்தேன்.

அவர் விரலால் ஸ்ட்ரம்பெட்டைத் தொட்டார். எதிரே நான் எழுதியிருந்த தமிழைத் தொட்டு, இது என்ன என்று கேட்டார். நான் வாயில் கை வைத்து ஊதிக் காட்டினேன். "ட்ரம்பெட் மேடம். ஆல் பீப்பிள் ட்ரம்பெட் யூ. ஃபேமஸ்."

அவர் என்னையே பார்த்தார். விரல் லெச்சரஸுக்குப் போனது. "பிக் லெக்சர் மேடம். குட் ஸ்பீக்கர்."

முதலில் வெடித்தது ராபர்ட்தான். சிரித்த வேகத்தில் காபி டம்ளர் கவிழ்ந்தது. ஹெலன் மேடம் சிரிக்கவில்லை. விரல் பாரமோரின் மேல் நின்றது. தயங்கித் தயங்கிச் சொன்னேன், "பாரம் மேடம். தமிழ் வேர்ட். வெயிட். ஹஸ்பெண்ட், ஃபேமிலி வெயிட், கேரி."

தோளில் மூட்டை தூக்கி நடந்தும் காட்டினேன். அத்தானோ அக்காவோ எதையும் சொல்லவில்லை, நானாகவே எழுதியது என்பதற்கு அந்தக் கோணல் கையெழுத்துதான் சாட்சி. அவர் நோட்டைக் கையில் எடுத்துப் பக்கம் பக்கமாகப் புரட்டினார். ராபர்ட்டை ஒரு பார்வை பார்த்தார். எங்கள் வீட்டில் பன்னிரண்டு வருடமாக பாரம் சுமப்பது நான்தான் என்று சொல்லிவிட்டு, அதற்குப் பிறகுதான் சிரிக்க ஆரம்பித்தார். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். நடுவில் கொஞ்சம் உண்மையாகவே அழுதாரோ என்று எனக்கு இன்றைக்கும் சந்தேகம் உண்டு.

அப்பாவுக்கு என்ன நடக்கிறது என்றே தெரியவில்லை. "சிரிக்கிறாங்களாடா? கோவத்துலயா?" என்று என் காதில் கேட்டார். இன்னும் கையை இறக்கவில்லை. ஹெலன் மேடம் அந்தக் கைகளைத் தன் இரு கைகளாலும் பிடித்துக் கீழே இறக்கினார். அதற்குள் சித்தப்பா ஆறாவது முறையாக போன் செய்துவிட்டார்: "டேய், ஐயரு பொண்ணோட அப்பன எங்கன்னு கேக்கறாரு. நான் என்னடா சொல்றது?"

எட்டே முக்காலுக்கு ராபர்ட் மறுபடி வேட்டியோடு, ஹெலன் மேடத்துடன் ஆட்டோவில் வந்து இறங்கினார். தாலி கட்டும்போது இருவரும் முதல் ஆளாக அட்சதை போட்டார்கள். கடிதம் அடுத்த மாதமே வந்தது. அக்கா கனடா போனாள். ஹெலன் மேடம் என் நோட்டைக் கேட்டு வாங்கிக்கொண்டு போய்விட்டார். அவர்கள் கம்பெனியில் யாராவது சோர்ந்து உட்கார்ந்தால் அதிலிருந்து ஒரு பக்கத்தை அத்தானை மொழிபெயர்த்து வாசிக்கச் சொல்வாராம்.

எல்லாம் சுபமாக முடிந்தது என்றுதான் ஐந்து வருடம் நினைத்திருந்தோம். போன ஆவணியில் ராமலிங்கம் மாமாவுக்கு எழுபது நிறைந்தது. விழா எடுப்பது என்று முடிவானது. பத்திரிகை அடிக்கும் வேலையை அத்தை தானே ஏற்றுக்கொண்டார். பத்திரிகை வந்து சேர்ந்த அன்றைக்கு கனடாவிலிருந்து அக்கா கூப்பிட்டாள். பத்திரிகையின் படத்தைச் செல்போனில் பார்த்திருக்கிறாள். "மூணாவது வரியப் பாருடா" என்றாள்.

பார்த்தேன். மாமாவின் பெயருக்கு முன்னால், தங்க நிறத்தில், கொட்டை எழுத்தில், வரவேற்பில் நான் சொன்னதை மறக்காமல் அத்தை ஒரு பட்டம் போட்டிருந்தார். அச்சகக்காரர் அதை இங்கிலீஷிலும் கீழே அடித்திருந்தார். டெல்டாவின் புகழ்பெற்ற லெச்சரஸ்.

உடனே மாமாவுக்கு போன் போட்டேன். எண்ணூறு பத்திரிகையும் கொடுத்து முடித்துவிட்டார்களாம். தாசில்தாருக்கும், வங்கி மேலாளருக்கும், மாரியம்மன் கோயில் நிர்வாகத்துக்கும்.

"மாமா, இப்ப என்ன பண்றது?"

 மாமா மிக நிதானமாகச் சொன்னார்.

"ஒண்ணும் பண்ண வேணாம் தம்பி. பத்திரிகையில சாப்பாடு எத்தன மணிக்குன்னு மட்டுந்தான் எல்லாரும் பாப்பாங்க."